வீட்டுக்குள் பூச்சாண்டி

பிரிட்டனின் நாட்டார் திகில் படங்களைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் மூன்று படங்களில்தான் போய் நிற்பார்கள். மைக்கேல் ரீவ்ஸின் 'விட்ச்ஃபைண்டர் ஜெனரல்' (1968), பியர்ஸ் ஹாகார்டின் 'பிளட் ஆன் சேட்டன்ஸ் கிளா' (1971), ராபின் ஹார்டியின் 'தி விக்கர் மேன்' (1973). 2010-ல் மார்க் கேட்டிஸ் பிபிசிக்காகச் செய்த திகில் பட வரலாற்றுத் தொடர் இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியது. அதன் பிறகு அது ஒரு வகைமையாகவே நிலைத்துவிட்டது. மூன்றிலும் பயம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது, கூட்டமாகவும் இருக்கிறது. விக்கர் மேனில் ஒரு தீவே திரண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, ஒரு போலீஸ்காரரை உயிரோடு கொளுத்துகிறது. கொளுத்துகிறவர்களின் முகத்தில் திருவிழாக் களை.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து வந்த இரண்டு சிறிய படங்களில் இந்தக் கூட்டத்தைக் காணவில்லை. ஒன்று, மாத்யூ ஹோல்னஸ் எழுதி இயக்கிய 'பாஸம்' (2018). மற்றது, டேனியல் கோகோட்டைலோவின் 'ஸ்டார்வ் ஏக்கர்' (2023). இரண்டிலும் கிராமப்புறம் இருக்கிறது, பழங்கதை இருக்கிறது, மண்ணுக்கடியிலும் பைக்குள்ளும் கிடந்து உயிர்பெறும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஊர் மட்டும் கிடையாது. ஒரு குடும்பத்துக்கு வெளியே அந்தக் கதையை நம்புகிறவர் என்று ஒருவரோ இருவரோதான். நாட்டார் திகில் என்ற பெயரில் இருக்கும் நாட்டார் எங்கே போனார்கள் என்று கேட்டால், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்பதே என் பதில். முடிவுகளைத் தொடாமல் இதைப் பேச முடியாது. படம் பார்க்காதவர்கள் அதற்கேற்ப முடிவு செய்துகொள்ளலாம்.

பாஸத்தின் கதையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். பிலிப் ஒரு பொம்மலாட்டக்காரன். குழந்தைகளுக்கு நிகழ்ச்சி நடத்தியவன்; ஏதோ அவமானத்தோடு வேலையை விட்டு, நார்ஃபோக் சதுப்பு நிலத்தில் இருக்கும் தன் பழைய வீட்டுக்குத் திரும்புகிறான். பெற்றோர் அவன் சிறுவயதில் தீயில் இறந்துபோனவர்கள். வீட்டில் இருப்பது அவனை வளர்த்த மாரிஸ் என்ற கிழவன் மட்டும். பிலிப் கையில் ஒரு தோல் பை. அதற்குள் 'பாஸம்' என்று அவன் பெயரிட்ட பொம்மை: நீண்ட சிலந்திக் கால்கள், வெளிறிய மனிதத் தலை. அதை எப்படியாவது தொலைத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் வந்திருக்கிறான். எரிக்கிறான், தண்ணீரில் வீசுகிறான், எங்கெங்கோ விட்டுவிட்டு வருகிறான். அது திரும்பத் திரும்ப அவனிடமே வந்து சேர்கிறது. இதற்கிடையே அந்தப் பகுதியில் ஒரு பள்ளிச் சிறுவன் காணாமல் போகிறான். பிலிப் ரயிலில் பார்த்துப் பேசிய பையன். சந்தேகம் பிலிப் மேல் விழுகிறது. பார்க்கும் நமக்கும்தான்.

பொம்மையைவிட முக்கியமானது பிலிப் சிறுவனாக இருந்தபோது எழுதிய நோட்டு. படங்களோடு கூடிய பாட்டுப் புத்தகம், கறுப்பு மையில் வரைந்தது. பாஸம் எப்படி வரும், யாரைப் பிடிக்கும், ஏன் தப்பிக்க முடியாது என்பதையெல்லாம் தொட்டில் பாட்டின் சந்தத்தில் சொல்கிறது. படம் நெடுக அதன் வரிகள் பிலிப்பின் குரலில் ஒலிக்கின்றன. கேட்கும்போது ஏதோ நூற்றாண்டுப் பழமையான நார்ஃபோக் கதை போலவே இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு கதை எங்கும் கிடையாது. பாஸம் என்ற விலங்கே பிரிட்டனுக்குச் சொந்தமானது இல்லை. ஆபத்து வந்தால் செத்ததுபோல் கிடக்கும் அந்த அமெரிக்கப் பிராணியை ஒரு தனிமைப்பட்ட சிறுவன் எங்கோ படித்து, தன் பூச்சாண்டிக்குப் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறான்.

ஹோல்னஸுக்குக் கதைப் பஞ்சம் ஒன்றும் இல்லை. நார்ஃபோக்கிலும் பக்கத்து சஃபோக்கிலும் 'பிளாக் ஷக்' என்ற பேய்நாய்க் கதை இன்றும் உலவுகிறது. 1577-ல் ஒரு புயல் நாளில் பங்கே ஊர்த் தேவாலயத்துக்குள் கறுப்பு நாய் புகுந்து ஆட்களைக் கொன்றதாக அப்போதே துண்டுப் பிரசுரம் அச்சாகியிருக்கிறது. வடமேற்கே லங்காஷயர் பக்கம் போனால் பாசி படர்ந்த குட்டைக்குள் இருந்துகொண்டு குழந்தைகளைக் காலைப் பிடித்து இழுக்கும் ஜென்னி கிரீன்டீத் கிழவி. இவற்றை விட்டுவிட்டு அவர் ஏன் புதிதாக ஒன்றைச் செய்தார்? இந்தப் பழைய பூச்சாண்டிகளுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. அவை நிற்கும் இடம் வீட்டுக்கு வெளியே: குட்டையில், சாலையில், தேவாலய வாசலில். 'அங்கே போகாதே, வீட்டுக்குள் இரு' என்பதுதான் அவை குழந்தைக்குச் சொல்லும் பாடம். வீட்டுக்குள்ளேயே ஒருவன் இருக்கிறான் என்றால் அந்தக் குழந்தைக்கு உதவ எந்தப் பழங்கதையும் வராது. அது தானே ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

புதிதாகப் பூச்சாண்டி செய்யும் வேலையை பிரிட்டிஷ் அரசாங்கமும் செய்து பார்த்திருக்கிறது. 1970-களில் அரசின் மத்தியத் தகவல் அலுவலகம் குழந்தைகளுக்காக எடுத்த எச்சரிக்கைக் குறும்படங்கள் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகளுக்கு நடுவே வரும். அவற்றில் புகழ்பெற்றது 1973-ல் வந்த 'லோன்லி வாட்டர்': முக்காடு போட்ட ஓர் உருவம் குட்டைக்கரையில் நின்றுகொண்டு, கவனமில்லாத பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறது. குரல் கொடுத்தவர் டொனால்ட் பிளெசன்ஸ். ஒன்றரை நிமிடத்தில் ஒரு தலைமுறையின் தூக்கத்தைக் கெடுத்த படம் அது. ஜென்னி கிரீன்டீத்துக்கு அரசாங்கம் போட்ட புதுச் சட்டை என்றுதான் சொல்ல வேண்டும். ஹோல்னஸ் 1975-ல் பிறந்தவர். இந்தப் படங்களின் மங்கிய பழுப்பு நிறமும் ஆளற்ற வெளிகளும் பாஸத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும் தங்கியிருக்கின்றன. ஸ்டார்வ் ஏக்கருக்கு மூலமான நாவலை 2019-ல் எழுதிய ஆண்ட்ரூ மைக்கேல் ஹர்லியும் 1975-ல் பிறந்தவரே. இருவரும் ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் பயந்து வளர்ந்தவர்கள் என்று சொன்னால் அது பெரிய மிகை ஆகாது.

பாஸம் முதலில் சிறுகதையாக 2008-ல் வந்தது. 1919-ல் ஃபிராய்டு எழுதிய, பழகியதே அந்நியமாகிப் பயமுறுத்துவது பற்றிய கட்டுரையை எழுத்தாளர்களுக்குக் கொடுத்து, அதிலிருந்து கதை கேட்டு வாங்கிய தொகுப்பு 'தி நியூ அன்கேனி'. அதில் ஹோல்னஸின் பங்களிப்பு இது. ஃபிராய்டு தன் கட்டுரையில் பிரித்து ஆராய்வது ஹாஃப்மனின் 'மணல் மனிதன்' கதையை. தூங்காத பிள்ளைகளின் கண்ணைப் பிடுங்கும் பூச்சாண்டி பற்றி ஆயா சொல்கிறாள். இரவில் அப்பாவைப் பார்க்க வரும் ஒரு மனிதரையே சிறுவன் அந்தப் பூச்சாண்டியாக நினைத்துக்கொள்கிறான். அப்பா ஒரு வெடிவிபத்தில் சாகிறார். தீயில் செத்த பெற்றோர், குழந்தைக் கதைக்குள் ஒளிந்திருக்கும் பெரியவர், பொம்மை என்று பாஸத்தின் உறுப்புகள் எல்லாமே அங்கிருந்துதான் வருகின்றன. வேடிக்கை என்னவென்றால், ஃபிராய்டோடு வெளிப்படையாக எந்தச் சம்பந்தமும் இல்லாத ஸ்டார்வ் ஏக்கர்தான் ஒரு கண்ணில் தொடங்குகிறது. கிராமத்துச் சந்தையில் சிறுவன் ஓவன் ஒரு மட்டக் குதிரையின் கண்ணைக் குச்சியால் குத்திவிடுகிறான். ஏன் என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

மாரிஸாக நடிக்கும் ஆலன் ஆம்ஸ்ட்ராங் இந்தப் படத்தில் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. பார்க்க வேண்டிய இடம் சமையலறை. புகைபடிந்த சுவர்கள், அழுக்கு மேசை, நிக்கோட்டின் ஏறிய விரல்கள். ஓர் அழுக்கு ஜாடியைத் திறந்து பிலிப்புக்கு இனிப்பு நீட்டுகிறான் கிழவன். நடுவயதைத் தொட்ட மனிதனுக்கு. வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடம்தான் அது. யாரும் அவனைக் கட்டிவைக்கவில்லை. ஆனால் பிலிப்பாக நடிக்கும் ஷான் ஹாரிஸின் உடல் அந்த நொடியில் பத்து வயதுக்குச் சுருங்குகிறது. தோள் உள்ளே போகிறது, கைகள் உடம்போடு ஒட்டிக்கொள்கின்றன, வாய் திறந்தும் திறக்காமலும் நிற்கிறது. கிழவன் சிரித்துக்கொண்டே பைக்குள் என்ன என்று கேட்கிறான். அவனுக்கு அது தெரியும் என்று நமக்கும் தெரிகிறது. ரத்தமோ அலறலோ இல்லாமல், ஒரு கேள்வியாலேயே ஒருவனை நிர்வாணமாக்க முடியும் என்பதை இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய திகில் படம் எனக்கு வேறு நினைவுக்கு வரவில்லை.

பாஸம் கதை அச்சானது 2008-ல். நான்கு ஆண்டுகள் கழித்து, குழந்தைகளின் அபிமான தொலைக்காட்சி நட்சத்திரமாக இருந்து மறைந்த ஜிம்மி சாவில் பல பத்தாண்டுகளாகச் செய்த பாலியல் கொடுமைகள் வெளியே வந்தன. படம் வந்தபோது பிரிட்டிஷ் பார்வையாளர்கள் அந்த நினைவோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஹோல்னஸ் எதையும் சுட்டிக்காட்டவில்லை. சுட்ட வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று.

ஸ்டார்வ் ஏக்கர் இதைவிட வசதியான படம். பிபிசி ஃபிலிமும் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டும் பின்னால் நிற்க, மேட் ஸ்மித், மோர்ஃபித் கிளார்க் என்று பெயர் தெரிந்த நடிகர்களோடு எடுத்தது. இருந்தாலும் ஒரு வீடு, ஒரு வயல், விரல்விட்டு எண்ணக்கூடிய பாத்திரங்கள் என்ற சிறுபடக் கணக்குக்குள்ளேயே நிற்கிறது. காலம் 1970-கள், இடம் யார்க்‌ஷயர். தொல்லியல் ஆசிரியரான ரிச்சர்ட், தன் தந்தை விட்டுப்போன பண்ணை வீட்டில் மனைவி ஜூலியட்டோடும் மகன் ஓவனோடும் குடியிருக்கிறான். மகன் யாரோ சீட்டி அடிப்பது கேட்கிறது என்கிறான். 'ஜாக் கிரே' என்ற பெயரைச் சொல்கிறான். குதிரைச் சம்பவத்துக்குப் பின் சில நாட்களில் மூச்சிரைப்பு வந்து இறந்துபோகிறான்.

அதன் பிறகு நடப்பது துக்கம். கணவன் வயலில் குழி தோண்டத் தொடங்குகிறான். தந்தை தன் குறிப்புகளில் எழுதிவைத்த, அந்நிலத்தில் எப்போதோ நின்ற ஓக் மரத்தின் வேரைத் தேடுகிறானாம். மனைவி படுக்கையில் கிடக்கிறாள். தங்கள் மகன் இன்னும் இங்கேதான் இருக்கிறான் என்று நம்ப விரும்புகிறாள். துணைக்கு வரும் சகோதரி ஹாரி மட்டும்தான் அந்த வீட்டில் நேராக யோசிக்கும் ஆள். ரிச்சர்டும் ஜூலியட்டும் சண்டை போடுவதில்லை. போட்டிருந்தால் தப்பியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. ஒருவர் மண்ணைப் பார்த்துப் பேசுகிறார், ஒருவர் சுவரைப் பார்த்துப் பேசுகிறார்.

குழியில் கிடைப்பது ஒரு காட்டுமுயலின் எலும்புக்கூடு. அதை ரிச்சர்ட் ஒரு பெட்டியில் வைத்துத் தன் அறைக்குக் கொண்டுவருகிறான். நாளடைவில் எலும்பின் மேல் நார் படர்கிறது, நாரின் மேல் தசை, பிறகு தோல், பிறகு முடி. இதைப் பார்த்து அவன் ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. ஒரு தொல்லியல்காரனின் பொறுமையோடு குனிந்து பார்க்கிறான். இந்த முகத்தைத்தான் மேட் ஸ்மித் நன்றாகச் செய்திருக்கிறார்: மகன் இறந்தபோது வராத மென்மை, ஓர் எலும்புக்கூட்டின் முன் வருகிறது.

ஜாக் கிரேயும் பாஸத்தைப் போலக் கற்பனைதான். ஆனால் முயலுக்கு வேர் இருக்கிறது. 1662-ல் ஸ்காட்லாந்தின் ஆல்டர்னில் சூனியக்காரி என்று விசாரிக்கப்பட்ட இஸோபெல் கௌடி, தான் முயலாக உருமாறித் திரிந்ததாக வாக்குமூலம் கொடுத்தாள். அதற்கும் முன்னே, ரோமானியரை எதிர்த்த அரசி பூடிகா போருக்குமுன் தன் ஆடை மடிப்பிலிருந்து முயலை ஓடவிட்டுச் சகுனம் பார்த்ததாக காசியஸ் டையோ எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் மண்ணில் முயல் நேரே ஓடும் பிராணி கிடையாது. எப்போதும் வேறு எதுவோ ஒன்றின் உடல். ஹர்லியும் கோகோட்டைலோவும் ஒரு பொய்க் கதையை இந்த உண்மையான நம்பிக்கையின் மேல் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒட்டு தெரியவே இல்லை.

ஒப்பீட்டின் மையம் இரண்டு தந்தைமார். பாஸத்தில் வளர்த்தவன் உயிரோடு இருக்கிறான். அவன் செய்ததற்கு ஒரு சான்றுகூட இல்லை. ஸ்டார்வ் ஏக்கரில் பெற்றவன் செத்துவிட்டான். வீடு நிறைய அவனது குறிப்புகள், வரைபடங்கள், எழுத்துகள். முதலாவது வீட்டில் கொடுமை பேச்சில்லாமல் கிடக்கிறது. அதை மூட ஒரு குழந்தை கதை எழுதியது. இரண்டாவது வீட்டில் கதை முதலில் வந்தது. அதைக் காட்டித்தான் கொடுமை நடந்தது. ரிச்சர்டின் தந்தை ஜாக் கிரேயை நம்பினார். அந்த நம்பிக்கையின் பெயரால் மகனை வதைத்தார். மகன் வளர்ந்து படித்து, பழையதைத் தோண்டி எடுத்துச் சுத்தம் செய்து பெயர்ச்சீட்டு ஒட்டும் தொழிலுக்குப் போனான். அந்தத் தொழிலே அவனுக்கு ஒரு வேலி. கையில் மண்வாரி இருக்கும்வரை தான் நம்புகிறவன் இல்லை, ஆராய்கிறவன் என்று சொல்லிக்கொள்ளலாம். மகன் போனதும் அந்த வேலி சாய்கிறது.

ஆகவே பிலிப் தன் கதையைத் தொலைக்கப் பார்க்கிறான், ரிச்சர்ட் தன் தந்தையின் கதைக்குச் சதை கொடுக்கப் பார்க்கிறான். பையிலிருந்து வெளியே எறிவதும் பெட்டிக்குள் வைத்துப் பேணுவதும் எதிரெதிர்ச் செயல்கள் போலத் தெரியலாம். இரண்டு பேரும் செய்ய மறுப்பது ஒன்றைத்தான்: வளர்த்தவன் எனக்கு இதைச் செய்தான் என்று ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வதை. பிலிப் கடைசியில் அந்த வாசல் வரை வருகிறான். ரிச்சர்ட் வருவதே இல்லை.

கோகோட்டைலோவின் முதல் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. 'அபாஸ்டசி' (2017) யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த ஒரு தாயையும் இரு மகள்களையும் பற்றியது. இயக்குநர் அந்தச் சபைக்குள் வளர்ந்து வெளியேறியவர். ரத்தம் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்ற விதி ஒரு மகளைக் கொண்டுபோகிறது. சபை விலக்கிய இன்னொரு மகளுக்குத் தாய் கதவை மூடுகிறாள். அதில் பேய் கிடையாது, முயல் கிடையாது. ஆனால் நம்பிக்கைக்குப் பிள்ளையைக் கொடுக்கும் பெற்றோர் என்ற கரு அப்படியே ஸ்டார்வ் ஏக்கருக்கு வந்திருக்கிறது. என் கணிப்பில் அபாஸ்டசிதான் இரண்டில் அதிகம் பயமுறுத்துவது. நம்புகிறவர்களைக் கேலி செய்யாமல் காட்டும் கலை அவருக்கு அங்கிருந்து கிடைத்தது. ஜூலியட்டின் நம்பிக்கையை எந்த இடத்திலும் பைத்தியம் என்று ஒதுக்கிவிட அவர் நம்மை விடுவதில்லை.

பாஸத்தில் பெண்களுக்கு இடமே கிடையாது. தாய் என்பவள் பூட்டிய அறையும் கருகிய சுவரும் மட்டும். இது குறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டார்வ் ஏக்கரை அடுத்துப் பார்க்கும்போது எவ்வளவு பெரிய வெற்றிடம் அது என்பது தெரிகிறது. மோர்ஃபித் கிளார்க் 'செயிண்ட் மாட்' படத்திலும் நம்பிக்கையால் எரிகிற பெண்ணாக நடித்தவர். இங்கே அவர் செய்வது அதைவிடக் கடினம்: எதையும் நம்பாத நிலையிலிருந்து, துக்கத்தின் ஒவ்வொரு படியாக இறங்கி, எதை வேண்டுமானாலும் நம்பத் தயாராகும் நிலைக்குப் போவது. படத்தைத் தாங்குவது அவர்தான்.

தயாரிப்புச் செலவு குறைவு என்பதை இரண்டு படங்களுமே அழகியலாக மாற்றிக்கொண்டன. பாஸத்தின் சிலந்தியும் சரி, முயலும் சரி, கணினியில் வரைந்தவை கிடையாது. கையால் செய்து கையால் ஆட்டிய பொம்மைகள். அதனால் இரண்டிலும் அந்த மெல்லிய பிசகு இருக்கிறது. முயல் தலையைத் திருப்பும்போது உயிருள்ள முயல் திருப்புவதைவிட ஒரு துளி தாமதம். கணினி வரைகலை அந்தத் தாமதத்தைத் துடைத்திருக்கும். பயத்தையும் சேர்த்துத் துடைத்திருக்கும். செத்தது நடிக்கிறதா, உயிருள்ளது செத்ததுபோல் நடிக்கிறதா என்ற சந்தேகம்தானே இரண்டு கதைக்கும் மூலதனம்.

இசையில் பாஸத்துக்கே என் ஓட்டு. அதற்கு இசையமைத்தவர்கள் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் குழுவினர். 1958-ல் பிபிசி தொடங்கிய ஒலிப் பட்டறையின் வழி வந்தவர்கள். 1963-ல் 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பிசையை உருவாக்கிய அதே பட்டறை. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளுக்குச் சத்தம் செய்தவர்களை அழைத்துவந்து ஒரு குழந்தையின் நாசத்துக்குச் சத்தம் செய்யச் சொன்னது ஹோல்னஸின் குரூரமான நகைச்சுவை. அவர் அடிப்படையில் நகைச்சுவைக்காரர். 2004-ல் வந்த 'கார்த் மரெங்கீஸ் டார்க்பிளேஸ்' என்ற பகடித் தொடரின் நாயகன். மட்டமான திகில் எழுத்தைக் கேலி செய்தே பெயர் வாங்கியவர், கேலிக்கு ஒரு இடுக்குகூட விடாமல் இப்படி ஒரு படம் எடுப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஸ்டார்வ் ஏக்கருக்கு மாத்யூ ஹெர்பர்ட் செய்த இசையும் நல்லதே. ஆனால் எப்போது பயப்பட வேண்டும் என்று அது சில இடங்களில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

இரண்டுக்கும் குறைகள் உண்டு. பாஸத்தின் நடுப்பகுதி சுற்றிச் சுற்றி வருகிறது. பிலிப் பையோடு நடக்கிறான், எறிகிறான், திரும்புகிறான், மறுபடியும் நடக்கிறான். காயம்பட்டவனின் மனம் இப்படித்தான் சுழலும் என்று வாதாடலாம். வாதம் சரி, அலுப்பும் சரி. 85 நிமிடப் படம் இரண்டு மணி நேரம் போலத் தோன்றுவதற்கு அதுவே காரணம். ஸ்டார்வ் ஏக்கரின் சிக்கல் நேரெதிர். முதல் ஒரு மணி நேரம் அவ்வளவு பொறுமையாகத் துக்கத்தைக் கட்டிய படம், பிறகு அவசரப்பட்டு ரத்தப் பலிக்குத் தாவுகிறது. ஆவியோடு பேசும் கிழவி, பக்கத்து நிலத்துக்காரர் கார்டன் என்று தகவல் சொல்வதற்கென்றே வரும் ஆட்கள் கூடிப்போகிறார்கள். ஜாக் கிரே யார், அவனுக்கு என்ன வேண்டும் என்பதை நாம் இவ்வளவு தெரிந்துகொண்டிருக்க வேண்டாம். பாஸம் யார் என்பதைப் பிலிப் நமக்கு ஒருபோதும் விளக்குவதில்லை.

ஊர் தொலைந்தது என்று சொன்னேன். எல்லாப் புதுப் படங்களுக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லீ ஹேவன் ஜோன்ஸ் வெல்ஷ் மொழியில் எடுத்த 'க்விலெத்' (2021) படத்திலும் ஒரு சீரழிந்த குடும்பம்தான்: நாடாளுமன்ற உறுப்பினர், அவர் மனைவி, இரண்டு மகன்கள். போவிஸ் மலைப்பக்கத்தில் ஒரு பளபளப்பான நவீன வீட்டில் விருந்து நடக்கிறது. பரிமாற வந்த பெண்ணின் உருவில் நிலம் பழிவாங்குகிறது. மாபினோகியில் வரும் பூக்களாலான பெண் ப்ளோடெய்வெத்தை நினைவூட்டும் பாத்திரம். அங்கே தொன்மம் உண்மையானது. மொழிக்கும் நிலத்துக்கும் சொந்தமானது. சுரங்கக் கம்பெனிக்கு மண்ணை விற்கத் துணியும் குடும்பத்தை வெளியிலிருந்து வந்து தண்டிக்கிறது. தாய்மொழியையும் நிலத்தையும் இழந்த நினைவு உள்ள வேல்ஸ் மக்களுக்குத் தொன்மம் நீதிபதியாகிறது. இங்கிலாந்தின் இரண்டு படங்களிலும் அது தண்டிப்பதே இல்லை, கூட்டாளியாக இருக்கிறது. மாரிஸுக்குப் பாஸம் ஒரு வசதி. பிலிப் ஒரு பொம்மையைக் கண்டு பயந்துகொண்டிருக்கும்வரை தன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான். ரிச்சர்டின் தந்தைக்கு ஜாக் கிரே ஒரு நியாயம்.

முடிவுகள் இதை உறுதிசெய்கின்றன. பாஸத்தில் பூட்டிய அறை கடைசியில் திறக்கிறது. கிழவன் தன் சுயரூபத்தைக் காட்டுகிறான், பிலிப்பைப் பழையபடி சிறுமைப்படுத்துகிறான், பிலிப் அவனைக் கொல்கிறான். அறையில் இருக்கும் பெட்டியிலிருந்து காணாமல் போன சிறுவன் உயிரோடு வெளியே ஓடுகிறான். அதாவது படம் முழுக்க நாம் பேயைத் தேடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு குற்றம் நடந்துகொண்டிருந்தது, போலீஸ் வழக்குப் போடக்கூடிய சாதாரணக் குற்றம். ஹோல்னஸ் அந்தச் சாதாரணத்தனத்துக்குத் துணிந்து வந்து சேர்கிறார். அமானுஷ்யத்தைக் கைவிட்ட பிறகுதான் ஒரு குழந்தை பிழைக்கிறது.

ஸ்டார்வ் ஏக்கரில் யாரும் தப்பிப்பதில்லை. இறுதிக் காட்சியில் ஜூலியட் முயலைத் தன் மார்போடு அணைத்துப் பாலூட்டுகிறாள். ரிச்சர்ட் பக்கத்தில் இருக்கிறான். பல மாதங்களாக ஒருவரையொருவர் பார்க்காத அந்தக் கணவன் மனைவி மறுபடியும் ஒரு குடும்பம் ஆகிவிட்டார்கள். சிலருக்கு இதைப் பார்த்துச் சிரிப்பு வரலாம். எனக்கும் ஒரு கணம் வந்தது. சிரிப்பு அடங்கியதும் தோன்றியது வேறு. படத்தில் இவர்கள் நிம்மதியாக இருக்கும் முதல் தருணம் இதுதான், அதற்குக் கொடுத்த விலை என்ன என்று கேட்க அந்த வீட்டில் யாரும் மிச்சமில்லை. நாவலில் வாசகர் இதைத் தன் கற்பனையால் பாதி மறைத்துக்கொள்ளலாம். திரையில் மறைக்க வழியில்லை. கோகோட்டைலோ கேமராவைத் திருப்பிக்கொள்ளாதது சரி என்றே நினைக்கிறேன்.

எது சிறந்த படம் என்று கேட்டால் பாஸம் என்பேன், அலுப்பையும் சேர்த்துத்தான். ஆனால் இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் அதை முதலில் பார்ப்பதே நல்லது. மாரிஸின் சமையலறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தவருக்கு, ரிச்சர்ட் தன் தந்தையின் குறிப்பேட்டைத் திறக்கும்போது ஓக் மரமோ ஜாக் கிரேயோ கண்ணில் படாது. அதை எழுதியவனின் கைதான் தெரியும்.